எதிர்ப்புச் சக்தி மாத்திரை

பொய் சொல்வதென்றால், யாருக்கும் ஆசை வராத பொய்யாகப் பார்த்துச் சொல்லவேண்டும். குண்டூசியின் அம்மா அந்த விஷயத்தில் கெட்டிக்காரிதான். மகள் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்குகிற மாத்திரை என்னவென்று அக்காள் கேட்டபோது, "இவளுக்கு எதிர்ப்புச் சக்தி கம்மியாம்க்கா, அதுக்குக் கொடுக்கறாங்க" என்று சொல்லிவைத்தாள். முழுப் பொய்யும் இல்லை. அந்தக் காலத்தில் எதிர்ப்புச் சக்தியை யார் சீந்தினார்கள்? அக்காள் "ஓகோ" என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினை மிதிக்கப் போய்விட்டாள். அக்காள் புருஷன் அந்த "ஓகோ"கூடச் சொல்லவில்லை. பொய் தன் பாட்டுக்குப் பல வருஷம் நிம்மதியாகக் கிடந்தது.

பிறகு தொற்று வந்தது, ஊரடங்கு வந்தது, ஒரே வாரத்தில் உலகமே எதிர்ப்புச் சக்தி, எதிர்ப்புச் சக்தி என்று அலைய ஆரம்பித்தது. மருந்துக் கடையில் அந்தப் பெயரை ஒட்டினால் உப்புத் தண்ணீர்கூட விலை போனது. இதையெல்லாம் அம்மா கனவு கண்டாளா, பாவம்!

குண்டூசி என்பது வீட்டில் வைத்த பெயர். ஆளும் ஒல்லி, வாயும் குத்தும். வயது பதினாறு. எச்.ஐ.வி. அவளுக்குப் பிறக்கும்போதே வந்தது. அப்பா அதில்தான் போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்கும் உண்டு. அம்மா தன் மாத்திரையைத் தான் வேலை செய்யும் பேக்கரியிலேயே, தன் பையில் வைத்துக்கொள்வாள். அப்பா போனபிறகு தாயும் மகளும் வந்து ஒண்டிக்கொண்டது அம்மாவின் அக்காள் வீட்டில். பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் பிள்ளை இல்லை. குண்டூசியைத் தலையில் தூக்கி வைத்து வளர்த்தார்கள். ஆனால் நோயின் பெயர் மட்டும் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் தூக்கி வைத்த தலையிலிருந்து இறக்கி வாசலில் விட்டுவிடுவார்களோ என்று அம்மாவுக்கு எப்போதும் பயம்.

மாத்திரை விஷயத்தில் குண்டூசிக்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. பதினாலு வயதில் அவளுக்கு மாத்திரையின் மேல் ஒரு கோபம் வந்தது. எதற்குத் தினமும்? ஏன் எனக்கு மட்டும்? வாயில் போடுகிற மாதிரி போட்டு, ஜன்னல் வழியாக வெளியே வீசினாள். சில மாதங்களில் கிருமி ஏறி, நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு ஏங்கிக் கிடந்தாள். அதன்பிறகு புது மாத்திரை கொடுத்து, ஒழுங்காகப் போட்டு, போன பரிசோதனையில் கிருமி கண்டுபிடிக்கமுடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. பரீட்சையில் அவள் வாங்கிய எந்த மார்க்குக்கும் அவளுக்கு அவ்வளவு பெருமை வந்ததில்லை.

இப்போது பெரியப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஒரே கார், ஒரே வாத்தியார், இரண்டு பிரேக்; அதில் ஒன்று வாத்தியார் காலடியில். ஊரடங்கில் கார் வாசலில் நின்றுவிட்டது. வாத்தியார் நிற்பாரா? வீட்டிலிருந்த மூன்று பெண்களுக்கும் நடக்கக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகிற நடையில் நடுவே சாக்பீஸால் கோடு போட்டார். போக ஒரு பக்கம், வர ஒரு பக்கம். திரும்புமுன் கை காட்டவேண்டும். யாராவது இருமினால் நேரே பால்கனிக்கு ஓரங்கட்டவேண்டும்.

"இத்தனை வருஷமா என் வீட்டுல நான் நடக்கறேன். இப்ப எனக்கு லைசென்ஸ் வேணுமா?" என்று பெரியம்மா கத்தினாள். தலையணை உறைகளை வெட்டி முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்த அவள், வேண்டுமென்றே எதிர்ப்பக்கமாகக் காப்பி எடுத்துப் போனாள்.

"விபத்து நடந்தா தெரியும்" என்றார் பெரியப்பா.

அம்மா பேக்கரியிலிருந்து வந்தால் வாசலிலேயே மருந்தடிப்பார். அவள் கொண்டுவரும் ரொட்டி உறையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். ஒரு தடவை பதற்றத்தில் ரொட்டியையே கழுவிவிட்டு, அதை அத்தனை பேரையும் சாப்பிட வைத்தார். அவ்வளவு பயம் மனுஷனுக்கு.

ஒருநாள் குண்டூசி சமையலறை அலமாரியில் இருந்த தன் மாத்திரை டப்பாவை எடுத்தாள். டப்பா லேசாக இருந்தது. மாசம் பாதிகூடத் தாண்டவில்லை, அடி தெரிந்தது. பஸ் ஓடாததால் அடுத்த டப்பாவை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதற்கு இன்னும் நாள் இருந்தது.

அம்மாவிடம் காட்டினாள். அம்மா டப்பாவைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தாள்.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?"

"அம்மா! நான் தினமும் போடறேன்!"

"போன தடவையும் இப்படித்தான் சொன்ன."

செய்த தப்புக்குத் திட்டு வாங்கினால் போகட்டும் என்று விடலாம். செய்யாத தப்புக்கு, அதுவும் இந்த விஷயத்தில், பெற்றவளே நம்பவில்லையென்றால்? குண்டூசி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

"தண்ணி வீணாப் போகுது!" என்று வெளியே பெரியப்பா கதவைத் தட்டினார்.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் பெரியப்பா தன் கனவைச் சொன்னார். கொஞ்ச நாளாகவே தினம் ஒரு கனவு சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் அவர் கனவே கண்டதில்லை. படுத்தால் கட்டை.

"நேத்து ஒரு ஆக்டோபஸ்ஸுக்கு ஓட்டக் கத்துக்கொடுத்தேன்" என்றார். "எட்டுக் காலையும் பிரேக்ல வச்சிருக்கு. ஒரு காலை எடுத்து கிளச்சுல வைடான்னா கேக்கமாட்டேங்குது. என்ன கலர் தெரியுமா? அப்படி ஒரு ஊதா. கைநீட்டித் தொடலாம்போல இருந்துச்சு. எழுந்தா தலை கிறுகிறுங்குது."

பெரியம்மா சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். குண்டூசி மட்டும் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேயறைந்தவள்போல உட்கார்ந்திருந்தாள். அந்த ஊதாவை அவளுக்குத் தெரியும். அந்தக் கிறுகிறுப்பையும் தெரியும். புது மாத்திரை ஆரம்பித்த முதல் மாதம் அவளுக்கும் அப்படித்தான் வந்தது. "இந்த மாத்திரைக்கு ஆரம்பத்துல தாறுமாறாக் கனவு வரும், பயந்துக்காத" என்று ஆஸ்பத்திரி ஆலோசகர் முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

அன்று சாப்பிட்டு முடித்ததும் குண்டூசி குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒடுங்கி நின்றாள். ஒல்லியாக இருப்பதில் அப்படி ஒரு வசதி. பெரியப்பா நடைக்கோட்டில் தன் பக்கமாகவே ஒழுங்காக வந்தார், அலமாரிக்குத் திரும்புமுன் கை காட்டினார், டப்பாவைத் திறந்தார், ஒன்றை வாயில் போட்டார்.

"பெரியப்பா!"

கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர் திருதிருவென விழிக்கவேண்டாமா? நிதானமாகத் தண்ணீர் குடித்தார்.

"பங்கு போட்டா என்னவாம்? ஊரே சளி பிடிச்சுக் கிடக்கு, உனக்கு ஒரு தும்மல் உண்டா? மாத்திரைதான் காரணம்னு கண்டுபிடிச்சேன். நீ மட்டும் நல்லா இருந்தாப் போதுமா?"

"அது உங்களுக்கு ஒத்துக்காது!"

"ஒத்துக்குதே! தினம் இலவசமா சினிமா வேற."

சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தாள். விஷயம் புரிந்ததும் முதலில் மகளைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே மன்னிப்பு இருந்தது. பிறகு பதற்றத்தில் உளறினாள். "அத்தான், இதை இனிமே தொடாதீங்க. இது கடையில கிடைக்காது. ஆஸ்பத்திரிலேர்ந்து அவங்களே வீடு தேடி வந்து கொடுத்தாத்தான் உண்டு."

"வீடு தேடி வர்றாங்களா?" பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன பயன்?

குண்டூசி குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, ஆலோசகருக்குப் போன் போட்டாள். ஸ்கூட்டரில் வந்து இறங்கினால் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து வார்டுவரை வந்துவிடுகிற அவளைப் பிள்ளைகள் ஹெல்மெட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கேட்டுவிட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அவர் உடனே நிறுத்தணும் கண்ணு. கிட்னி, ஈரல் எல்லாம் பாக்கணும். டாக்டர்கிட்ட சொல்லிடறேன். உனக்கு இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கு?"

"நாளையோட சரி."

"நாளைக்கே நான் வர்றேன். ஒருநாள்கூட விடக்கூடாது, உனக்குத் தெரியாததில்ல."

"பெரியப்பாகிட்ட என்னன்னு சொல்லி நிறுத்த?"

"அது உன் கையில இருக்கு. யார்கிட்ட சொல்றது, சொல்லவேணாம்கறது உன் முடிவு. நானா வாயத் திறக்கமாட்டேன்."

பெரிய மனுஷி மாதிரி நடத்தினால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குண்டூசிக்கு அன்றைக்கு யாராவது தன்னைச் சின்னப் பிள்ளையாக நடத்தினால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் அம்மா பேக்கரிக்குப் போயிருந்தாள். ஸ்கூட்டர் சத்தம் கேட்டுக் குண்டூசி படியிறங்கி ஓடினாள். வாசலைப் பார்த்ததும் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

கட்டடத்தில் உள்ள அத்தனை வீட்டு ஆட்களும் வரிசையில் நின்றிருந்தார்கள். ஹெல்மெட் அக்கா இன்று வருகிறாள் என்று முதல்நாள் ராத்திரி அவள் அம்மாவிடம் சொன்னது பெரியப்பா காதில் விழுந்திருக்கவேண்டும். பெரியப்பா சாக்பீஸால் வட்டம் போட்டு, ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு ஆளை நிறுத்தியிருந்தார். சிலர் பையோடு வந்திருந்தார்கள். மேல்மாடி அம்மாள் ஊறுகாய் ஜாடியைக் கழுவி எடுத்து வந்திருந்தாள். பெரியப்பா வரிசையின் நீளத்துக்கு நடந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"வெள்ளையா இருக்கும். நீட்டு மாத்திரை. தொண்டையில கொஞ்சம் சிக்கும். சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு. கனவு வரும், பயப்படக்கூடாது. தள்ளாதீங்க, எல்லாருக்கும் உண்டு!"

ஹெல்மெட் அக்கா வரிசையைப் பார்த்துவிட்டு, அரிசி கொடுக்கிறார்கள்போல என்று நினைத்து ஒதுங்கிப் போகப் பார்த்தாள். பெரியப்பா வழிமறித்தார்.

"வாங்க டாக்டரம்மா, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்."

"நான் டாக்டர் இல்லீங்க."

"அதனாலென்ன, மாத்திரை இருக்குல்ல? ஆளுக்கு ரெண்டாவது கொடுங்க. பணம் வேணும்னாலும் சரி."

ஹெல்மெட் அக்கா கண்ணாடி வழியாகக் குண்டூசியைப் பார்த்தாள். அவள் வாய் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஆனால் அவள் கையிலிருந்த பொட்டலத்தைப் பெரியப்பா வாங்கி, ஓரத்தைக் கிழிக்கவே ஆரம்பித்துவிட்டார். உள்ளே இரண்டு மாசத்துக்கு இரண்டு டப்பா. மேல்மாடி அம்மாள் ஜாடியின் மூடியைத் திறந்தாள்.

குண்டூசிக்கு இரண்டே வழிதான். சும்மா இருந்தால் மாத்திரை ஊறுகாய் ஜாடிக்குப் போகும், கிருமி மறுபடி தலைதூக்கும், பழைய ஆஸ்பத்திரிக் கட்டில், பழைய மூச்சுத்திணறல். சொன்னால், இருமினவனையே பால்கனிக்கு அனுப்புகிற மனுஷன் தன்னையும் அம்மாவையும் எங்கே அனுப்புவாரோ!

"பெரியப்பா, காருக்குள்ள வாங்க!"

"இப்பவா?"

"இப்பவேதான்!"

அவள் போட்ட கத்தலில் அவர் பொட்டலத்தோடு வந்துவிட்டார். பழக்கதோஷத்தில் வாத்தியார் சீட்டில் உட்கார்ந்தார். அவளுக்கு டிரைவர் சீட்தான் மிச்சம். கதவைச் சாத்தினாள்.

"சீட் பெல்ட்" என்றார்.

போட்டுக்கொண்டாள். நேரே முன்கண்ணாடியைப் பார்த்தபடி ஒரே மூச்சில் சொன்னாள். "இது சத்து மாத்திரை இல்ல. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு, பொறந்ததுலேர்ந்து. அப்பா செத்ததும் அதுலதான். அம்மாவுக்கும் இருக்கு. அம்மாவைத் திட்டாதீங்க, பயத்துல மறைச்சுட்டா."

நின்றுகொண்டிருந்த காரில் பெரியப்பா பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

மிதித்த காலை எடுக்கவேயில்லை. வெளியே வரிசை காருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார்.

"அப்ப, இத்தனை முழுங்கின எனக்கு...?"

"மாத்திரையிலேர்ந்து வியாதி வராது பெரியப்பா."

"ஒண்ணா உக்காந்து சாப்பிடறோமே?"

"வராது."

"இந்தக் காருக்குள்ள ஜன்னலைச் சாத்திட்டு..."

"பெரியப்பா! அது நீங்க பயப்படற அந்தக் கிருமி. இது வேற!"

அவர் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். கிழித்த ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டப் பார்த்தார். "நான் எடுத்ததால உனக்குக் குறைஞ்சுபோச்சா?" என்று கேட்டார்.

"இன்னிக்கோட தீருது."

"இல்லாமப் போனா?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில கிடந்தேனே, அது மாதிரி."

பெரியப்பாவின் முகக்கவசம் நனைந்தது. கட்டடம் முழுவதும் அதட்டித் திரிகிற மனுஷன் குலுங்கி அழுதார். அழுகிறவரைப் பார்த்தும் குண்டூசிக்குத் தெரியவேண்டியது தெரிந்தாக வேண்டியிருந்தது.

"எங்களை வீட்டைவிட்டுப் போகச் சொல்லுவீங்களா?"

"போறதா?" அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதட்டினார். "அறிவிருக்கா? ஊரடங்கு போட்டிருக்கான். யாரும் எங்கயும் போகக்கூடாது."

கார்க் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். வரிசைக்கு முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினார். செருமல் கேட்டு இரண்டு பேர் வட்டத்தைவிட்டுப் பின்வாங்கினார்கள்.

"எல்லாரும் மன்னிக்கணும். இது எதிர்ப்புச் சக்தி மாத்திரை இல்ல. எனக்கு மூலம். அதுக்குத்தான் இந்த மாத்திரை. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மாத்திச் சொல்லிட்டேன்."

சிரிப்பு வெடித்தது. "அதான் காலம்பூரா கார்லயே உக்காந்திருக்காரே!" என்றது ஒரு குரல். மேல்மாடி அம்மாள் ஜாடியை மூடிக்கொண்டு, காரம் சேர்க்காதே, தண்ணீர் நிறையக் குடி என்று நின்ற இடத்திலேயே வைத்தியம் சொன்னாள். மாடியிலிருந்து பெரியம்மாவின் குரல் எல்லாவற்றையும் மீறிக் கேட்டது.

"கட்டின பொண்டாட்டி எனக்குச் சொல்லல, ஊருக்கே மைக் வச்சுச் சொல்றாரு பாரு!"

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டார். வரிசை கலைந்தது. குண்டூசி காரிலிருந்து இறங்கினாள். அந்த நிமிஷம் அவளுக்கு அந்த மனுஷனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளவேண்டும்போல இருந்தது.

ஆனால் கடைசி வட்டத்தில் ஒரு ஆள் இன்னும் நின்றுகொண்டிருந்தான். கீழ்த்தளத்தில் பின்பக்க வீட்டுப் பையன். நெட்டையாக, கழுத்து நீண்டு இருப்பதால் கொக்கு என்று பெயர். குண்டூசி வயதுதான். படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கிப் போவானே தவிர ஒரு வார்த்தை பேசமாட்டான்.

"மாமா" என்றான் பெரியப்பாவிடம். "எனக்கும் அந்த மூல மாத்திரை வேணும்."

"போடா, உன் வயசுக்கு என்ன மூலம்!"

பையன் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தான். பொட்டலத்தில் இருந்த அதே அளவு டப்பா, அதே மூடி. ஆட்டிக் காட்டினான். சத்தம் வரவில்லை.

"மூணு நாளாச்சு மாமா. நாங்க போற ஆஸ்பத்திரியைத் தொற்றுக்குன்னு எடுத்துக்கிட்டாங்க. பஸ்ஸும் இல்ல. யார்கிட்டயும் கேட்றாதேன்னு அம்மா சொன்னாங்க. நீங்க வெள்ளையா, நீட்டா, கனவு வரும்னு சொன்னீங்களா... அதான் வந்து நின்னேன்."

பெரியப்பா டப்பாவைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். குண்டூசியை அவர் பார்க்கவில்லை. அவள் ரகசியம் தன் கண்வழியாகக்கூடப் போய்விடக்கூடாது என்று பார்வையைப் பிடித்து வைத்துக்கொண்டார்.

"உனக்கும் மூலமா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமா மாமா."

ஹெல்மெட் அக்கா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவன் பக்கத்தில் வந்தாள். எந்த ஆஸ்பத்திரி, டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டே டாக்டருக்குப் போன் போட்டாள். அதே மாத்திரைதான், கொடுக்கலாம் என்றார் டாக்டர். அவளோ தன் பையைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். மிச்சமிருந்த ஒவ்வொரு டப்பாவும் வேறு வேறு வீட்டில் காத்திருக்கிற ஏதோ ஒரு பிள்ளையுடையது.

"எனக்கு ரெண்டு கொண்டுவந்திருக்கீங்கல்ல?" என்றாள் குண்டூசி. "ஒண்ணு அவனுக்குக் கொடுங்க."

கொக்கு திரும்பிப் பார்த்தான். "உனக்கு எதுக்கு..." என்று ஆரம்பித்தான்.

காருக்குள் சொன்னதைவிட இது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"எனக்கும் மூலம்தான்" என்றாள்.

முதலில் அவனுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் அந்த நீளக் கழுத்து அப்படியே தொங்கிவிட்டது. சிரிக்கிறானா அழுகிறானா என்று முகக்கவசத்துக்கு மேலே தெரியவில்லை. குண்டூசி சிரித்துக்கொண்டேதான் அழுதாள். ஒரே படியில் ஏறி இறங்கிக்கொண்டு, ஒரே மாத்திரையை ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்து, தான் ஒருத்திதான், தான் ஒருத்தன்தான் என்று இத்தனை நாள் கிடந்திருக்கிறார்கள், மடப் பிள்ளைகள்!

அவன் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "இப்பவே ஒண்ணு போட்டுக்கலாமா?" என்று ஹெல்மெட் அக்காவிடம் கேட்டான்.

"எப்பவும் போடற நேரத்துக்கே போடு. அதுவரைக்கும் பொறுத்துக்கோ."

"மறந்துட்டா?"

"மறக்க விடமாட்டேன்" என்றாள் குண்டூசி. "நம்பர் சொல்லு. நான் கூப்பிடறேன், ரெண்டு பேரும் சேர்ந்தே போட்டுக்கலாம்."

அவன் சொன்னான். முகக்கவசத்துக்குள் குரல் அமுங்கியதால் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. குண்டூசியின் போன் மாடியில் கிடந்தது. அதனால் அந்த எண்ணை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே படியேறினாள். அவள் எங்கே மறந்துவிடப்போகிறாளோ என்று பெரியப்பாவும் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அதே எண்ணை முணுமுணுத்தபடி பின்னாலேயே ஏறி வந்தார்.